கேற்றடியில் நின்ற அம்மா

வவுனியாவில் கம்பசுக்குக் கிட்ட அறை தேடி அலைந்து, கடைசியில் ஒரு சைவ வீட்டில் பிடித்தோம். “மீன், மச்சம் மட்டும் உள்ளுக்கு வரக்கூடாது” என்றா வீட்டுக்கார அன்ரி. நாங்கள் முல்லைத்தீவில் மீன்பிடிக் குடும்பம். ஆனாலும் எனக்கு முதலே அம்மா, “ஓம், பிரச்சினையில்லை” என்று தலையாட்டினா. நல்ல வெளிச்சமான அறை. எனக்கும் பிடித்திருந்தது.

அடுத்த மாதம் என்னைப் பார்க்க வந்த அம்மா, கேற்றைத் தாண்டவில்லை. “உள்ளுக்கு வாங்கோ” என்று அன்ரியே கூப்பிட்டா.

“இல்லையக்கா, காலமை மீன் வெட்டினனான். மணக்கும்.”

நான் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிப்பிடித்து, தோளில் முகத்தைப் புதைத்தேன். சவர்க்காரம் மட்டும்தான் மணந்தது. அவ்வளவு தேய்த்துக் குளித்துவிட்டு வந்திருந்தா.

அந்த மீன் மணத்துக்குத்தான் நான் ஒரு மாதமாக ஏங்கிக்கிடந்தேன் என்று அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.