பெட்டியில் ஒட்டாத சிவப்பு

எங்கள் வரிசையில் ஆறு வீட்டுக்கும் ஒரே மாதிரி பெட்டி. அடையாற்றங்கரையில் வெள்ளம் வந்துபோன பிறகு யாரோ புண்ணியவான்கள் கொடுத்தது. கெட்டி பிளாஸ்டிக், சாம்பல் நிறம், முன்னால் இரண்டு கொக்கி, மூடிக்குள் சுற்றிலும் ரப்பர். தண்ணீரில் மிதந்தாலும் உள்ளே சொட்டு இறங்காது. ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுச் சீட்டு எல்லாம் அதற்குள்தான். மழை வலுத்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம்.

போன மழையில் அங்கேதான் வினை வந்தது. ஆறு பெட்டியையும் ஒரு வகுப்பறை மூலையில் அடுக்கியிருந்தோம். பேர் எழுதி ஒட்டின சீட்டெல்லாம் ஈரத்தில் கழன்று விழுந்துவிட்டது. நான் அபிராமபுரத்தில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். மழை கொஞ்சம் விட்டதும் வேலைக்குக் கிளம்பினேன். பெட்டியை விட்டுப்போக மனசு வராமல் அதையும் தூக்கிக்கொண்டேன். அது என்னுடையது இல்லை, எதிர்வீட்டுக்காரியுடையது என்று அப்போது தெரியவில்லை. அன்றைக்கென்று அரசாங்கம் தருகிற மாற்று வீட்டுக்குக் காகிதம் சரிபார்க்க அதிகாரிகள் வந்தார்கள். அவள் வரிசையில் நின்று, முறை வந்ததும் பெட்டியைத் திறந்தால், உள்ளே என் வீட்டுக்காரர் செத்துப்போன சர்ட்டிபிகேட்.

அப்புறம் பட்டியலில் பேர் ஏற அவள் நாலு மாதம் ஆபீஸுக்கு அலைந்தாள். "வோணும்னே எடுத்துக்கினு போய்ட்டா" என்று குழாயடியில் எல்லார் காதிலும் விழச் சொன்னாள். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதுவரை யக்கா, யக்கா என்று கூப்பிட்டவள் என் வாசலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த மழைக்கும் பெட்டி மாறினால் அவள் சொன்னது நிஜம் என்று ஆகிவிடும். எனக்கு அந்தப் பயம்தான்.

அதனால் புரட்டாசியிலேயே ஒரு சின்ன டப்பா சிவப்புப் பெயிண்ட் வாங்கினேன். கதவுக்கு அடிக்கிற பெயிண்ட். அடித்து முடித்துப் பார்த்தால் அவ்வளவு அழகு. பத்து நாள் கழித்துத் தூசி போக ஈரத்துணியால் துடைத்தேன். துணியோடு சிவப்பும் வந்தது. இறால் தோல் உரிகிற மாதிரி, முழுசாக, சத்தமே இல்லாமல்.

எதிர்வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், தெருவைப் பார்த்துச் சொன்னாள்: "பொட்டிக்கு நகப்பூச்சு போட்டா ஊர் கண்ண மறைச்சிடலாம்னு பாத்தா, பொட்டியே ஒத்துக்கல போல கீது."

நான் உள்ளே போய்விட்டேன். ஆனால் கையில் அந்தத் தோல் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடிப்பக்கம் வழவழவென்று கண்ணாடி போல. மறுபடி பெட்டியைத் தடவினேன். ஒரு மூலையில் மட்டும் சிவப்பு அப்படியே இருந்தது. நகத்தால் சுரண்டியும் வரவில்லை. போன மழையில் ரோட்டில் இழுத்துவந்தபோது தேய்ந்த மூலை அது. நல்லா இருக்கிற இடத்தில் நிற்காத சாயம் கீறல் விழுந்த இடத்தில் எப்படி நின்றது? பாத்திரம் தேய்க்கும்போதும் அதே யோசனை. அந்த வீட்டம்மா, "இன்னிக்கு உனக்கு ஞாபகம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

காகிதங்களை அரிசி டின்னில் வைத்துவிட்டு, பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஈக்காட்டுத்தாங்கலில் கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கிற ஷெட் ஒன்றை முன்னே ஒரு தடவை பார்த்திருந்தேன். வாசலில் அரைமணி நேரம் நின்றேன், உள்ளே போகக் கூச்சம். கடைசியில் பெயிண்டரே எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, யாரு வோணும்?"

தோலை மடித்து வைத்திருந்த காகிதத்தை நீட்டினேன். அவர் சிரித்தார். "கதவு பெயிண்ட அப்படியே பூசிட்டியா? இது பிளாஸ்டிக்குமா. சும்மா பூசினா எதுவும் ஒட்டாது. இத்தோ, இந்த பம்பரும் பிளாஸ்டிக்குதான்."

காருக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது இரும்பு என்றே நான் நினைத்திருந்தேன். தொட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக்தான்.

"கீறல் வுழுந்த இடத்துல மட்டும் ஏன் நிக்குது?"

"வழவழன்னு இருந்தா பெயிண்ட் எத்தப் புடிச்சிக்கினு நிக்கும்? அதுக்குத்தான் தண்ணி தொட்டு இந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல் வுழும்."

"அது மட்டும் போதுமா?"

"யம்மா, நீ இன்னா பரிச்சைக்கா படிக்கிற?" என்றவர் ஒரு குவளைத் தண்ணீர் எடுத்து, கழுவி வைத்திருந்த பம்பர் மேல் ஊற்றினார். தண்ணீர் விரித்த துணி மாதிரிப் பரவியது. என் பெட்டி மேல் ஊற்றினார். முத்து முத்தாகத் திரண்டு நின்றது. "பாத்தியா? எண்ணெப் பசை. இத்த இன்னா போட்டுத் தொடைப்ப?"

"வெறும் தண்ணி" என்றேன்.

பொய். மூடி ரப்பர் காய்ந்துவிடக் கூடாது என்று மாதம் ஒரு தடவை தேங்காய் எண்ணெய் தொட்டு வைப்பேன். கையில் மிஞ்சினதைப் பெட்டி மேல் தடவிவிடுவேன், பளபளப்பாக இருக்குமே. பஸ்ஸில் திரும்பும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. புளிக்குழம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒரு கழுவுக்கு அடங்காது, எவர்சில்வர் விட்டாலும் பிளாஸ்டிக் எண்ணெயை விடாது என்று தினமும் கையால் தெரிந்துகொள்கிறவள் நான்.

பெயிண்டர் பாதித்தாள் உப்புத்தாளும், சாயத்துக்கு முன்னால் பிளாஸ்டிக்கில் அடிக்கிற பிரைமர் ஸ்பிரே ஒரு டப்பாவில் மிச்சமிருந்ததும் கொடுத்து அனுப்பினார். "மெல்லிசா அடி, காய வுடு, திரும்ப அடி. அவசரப்பட்டா அவ்ளோதான். அடிச்சி முடிச்சி ஒரு வாரம் தொடாத."

மறுநாள் பாத்திரச் சோப்புப் போட்டுக் கழுவித் தண்ணீர் ஊற்றினேன். முத்து. இரண்டாம் தடவையும் முத்து. நாலாவது தடவைதான் தண்ணீர் பரவியது. வாசலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்ப ஊற்றினேன், ஆசையாக இருந்தது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை எல்லாம் போக்கினேன். பெயிண்ட் கடையில் கொஞ்சம் தின்னர் வாங்கி, அதைத் தொட்டுத் துடைத்தேன். ஒன்றரைச் சாண் தள்ளிப் பிடித்து, பனி விழுகிற மாதிரி பிரைமர் அடித்தேன். அது காய்ந்த பிறகு சிவப்பு, மெல்லிசாக மூன்று தடவை. எட்டாம் நாள் பிளாஸ்திரி நாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தேன். நாடா வெள்ளையாகவே வந்தது. ஒரு பகல் பூரா வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்தேன். அப்படியே இருந்தது.

இதையெல்லாம் எதிர்வாசல் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

ஐப்பசி பிறந்த மறுநாள் அவள் தெருவைத் தாண்டி வந்தாள். என் பெட்டியின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினாள். பலமாகவே சுரண்டினாள்.

"நல்லாத்தான் புடிச்சிக்கினு கீது" என்றாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

"அன்னிக்கி தெரியாமத்தான் எடுத்துக்கினு போனேன். தொறந்துகூட பாக்கல."

அவள் திரும்பிப் போனாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். ஒரு கையில் தன் பெட்டியும் மறு கையில் ஒரு டப்பாவுமாக வந்தாள். டப்பாவில் மஞ்சள், அவள் வீட்டுக்காரர் ஆட்டோவுக்கு அடித்ததில் மிச்சம்.

"இன்னாதான் நீ செவப்பு அடிச்சாலும் மிச்சம் அஞ்சு பொட்டி ஒரே மாதிரித்தானே கீது. என்னுதுக்கு இத்த அடி."

வாங்கித் தூக்கினேன். கனமாக இருந்தது. உள்ளே காகிதம் நகர்கிற சத்தம் கேட்டது.

"கார்டெல்லாம் உள்ள கீதே. எடுத்துக்கினு போ."

"உங்கிட்டதானே யக்கா கீது. இருக்கட்டும்."

"எண்ணெ கிண்ணெ தடவினியா?" என்று கேட்டேன்.

"நானா? உன்ன மாதிரி பைத்தியமா எனக்கு?"

குவளையில் தண்ணீர் எடுத்து மூடி மேல் ஊற்றினேன். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். முத்து முத்தாக நின்றது.