மருமகனுக்குப் பெண் கேட்டுப் போனேன்

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கல்யாணம் முடிந்ததும் கல்வீட்டுப் பூட்டுத் திறப்பை அவள் கையில் கொடுத்துவிட்டு, நானும் என் புருசனும் பின்வளவில் ஓலைக் குடில் ஒன்று போட்டுக்கொண்டு ஒதுங்கினோம். யாரும் எங்களைத் தள்ளவில்லை. ஊரில் எல்லாரும் செய்வதுதான். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பான். அவர் பஸ் ஓட்டிப் பென்சன் எடுத்தவர். நான் நெல் அவித்துக் குற்றி விற்றவள். முழங்கால் விட்டதோடு அதை விட்டேன். இனி இருந்து சாப்பிடலாம் என்று நினைத்தோம்.

கடல் பொங்கி ஊருக்குள் வந்த காலையில் மகள் கரைவலை மீன் வாங்கப் போயிருந்தாள். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. மருமகன் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், வயல் காவலுக்குப் போயிருந்தான். அவன் வந்து சேர்ந்த பிறகு அவனும் மாமனுமாகத் தேடித் தாழம்பற்றைக்குள் அவளைக் கண்டெடுத்தார்கள். அதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

பிள்ளை குட்டி இல்லாமல் பெண்சாதி செத்தால், முப்பத்தோராம் நாள் முடிந்து ஆண் தன் தாய் வீட்டுக்குத் திரும்பிவிடுவான். வீடு அவனுடையது இல்லை. எங்கள் மருமகனுக்குத் தாய் சிறுவயதிலேயே போய்விட்டாள். ஆனாலும் அண்ணன்மார் இருந்தார்கள். முப்பத்தொன்று முடிந்ததும் துணிமணியைக் கட்டுவான் என்று பார்த்திருந்தேன். அவன் கட்டவில்லை. நானும் கேட்கவில்லை. உள்ளுக்குள் எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

ஊரில் கிணறெல்லாம் உப்பு. உதவிக்கு வந்தவர்கள் தண்ணீர் இறைக்கும் மிசின் ஒன்றைத் தந்தார்கள். எஞ்சின் தெரிந்தவர் என்று அதை என் புருசனிடம் விட்டார்கள். சம்பளம் கிடையாது, அவரும் கேட்கிற ஆளில்லை. வளவு வளவாகப் போனோம். அவர் மிசினைப் பிடிப்பார், மருமகன் கிணற்றுக்குள் இறங்கிச் சேறு அள்ளுவான், நான் வாளியை வாங்கி வெளியே கொட்டுவேன். செத்த நாய் வரும், சட்டி பானை வரும், ஒருமுறை ஒரு பிள்ளையின் சப்பாத்து வந்தது. அந்த வீட்டுக்காரியிடம் அதைக் காட்டாமல் மருமகன் சாரத்துக்குள் செருகிக்கொண்டான்.

இறைத்த கிணற்றில் கொஞ்ச நாளில் மறுபடி உப்புக் கரிக்கும். ஆட்கள் வந்து கூப்பிடுவார்கள். மறுபடி போய் இறைப்போம். வேலை முடியாமல் இருந்தது எங்கள் மூன்று பேருக்கும் நல்லதாகப் போயிற்று. களைத்து வந்து படுத்தால் நித்திரை வரும்.

குடிதண்ணீர் பவுசர் லொறியில் வரும். ஒரு நாள் வரிசையில் நிற்கும்போது பக்கத்து வளவுக்காரி எனக்குக் கேட்கவேண்டும் என்றே மற்றவளுக்குச் சொன்னாள்:

"மகளுக்குக் கட்டி வச்ச மாப்பிளய இப்ப மிசினோட கட்டி வச்சிரிக்காங்க கா."

நான் விடவில்லை. "உன்ட மருமகன் கள்ளுக்கொட்டிலோட கட்டுப்பட்டுக் கிடக்கான். முதல்ல அவன அவுத்து வீட்ட கொண்டு வா புள்ள" என்றேன். வரிசை சிரித்தது. குடத்தை நிமிர்ந்து தூக்கிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் அவள் சொன்னது காதை விட்டுப் போகவில்லை.

சோளகக் காற்றுத் தொடங்கிய பிறகு களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்தார். கிணறு கிணறாகத் தண்ணீரை அள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, இனி இறைக்காதீங்க. நீங்க இறைக்க இறைக்க அடியில கிடக்கிற உப்புத்தண்ணி மேல ஏறுது. மழைக்கு விடுங்க."

"அப்ப இவ்வளவு காலமும் நாங்க கிணத்துக்கு உப்புப் போட்டமா?" என்று என் புருசன் கேட்டார்.

உத்தியோகத்தர் கொப்பியில் எழுதிக்கொண்டு அடுத்த வளவுக்குப் போனார். புருசன் மிசினைச் சாக்கால் மூடிவிட்டுக் குடிலுக்குள் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

வேலை நின்ற பிறகுதான் மருமகனைச் சரியாகப் பார்த்தேன். கல்வீட்டை அவன் திறப்பதே இல்லை. கடலுக்குப் பிறகு திரும்பப் போட்ட குடிலில் எங்களோடு இருந்தான். முப்பது வயது ஆகவில்லை, வெற்றிலை போடப் பழகியிருந்தான். எழும்பும்போது அவரைப் போலவே முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினான். பொழுது பட முன்னம் சாப்பிட்டு, பொழுது பட்டதும் பாயைப் போட்டான். கூட்டாளிப் பொடியன்கள் பந்தடிக்க வந்து கூப்பிட்டபோது, "மாமா தனிய இரிப்பார்டா" என்று சொல்லி அனுப்பியது என் காதில் விழுந்தது. நாங்கள்தான் அவனைத் தாங்குகிறோம் என்று நான் நினைத்திருந்தேன். அவன் எங்களுக்குக் காவல் இருந்திருக்கிறான்.

அவனை இப்படியே வைத்திருந்தால் எங்களோடு சேர்ந்து கிழவனாவான். அனுப்பினால் எங்களுக்கு ஒருவருமில்லை.

படுவான்கரையில் எங்கள் வயலுக்கு அடுத்த வயல் ஒரு கைம்பெண்ணுடையது. அவளுக்கும் ஒரே மகள். பாதை ஏறி அங்கே போனேன். பாதை என்று நாங்கள் சொல்வது ஆளையும் சைக்கிளையும் வாவிக்கு அக்கரை ஏற்றிவிடும் இரும்புத் தெப்பத்தை.

நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவள் வாயில் கையை வைத்தாள்.

"மாமி வந்து மருமகனுக்குப் பொம்புள கேக்கிறத நான் எங்கயும் கண்டதில்ல. அவன்ட என்ன குறை?"

"அவன்ட குறை இல்ல. அவனுக்காகக் கேக்கத் தாய் இல்ல. அதான் நான் வந்தன்."

அவள் வெற்றிலைத் தட்டத்தை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "குடுக்கிறன்" என்றாள். "ஆனா ஒண்டு. கலியாணத்துக்கு மறுகா அவன் உங்கட வாசலுக்கு வரக்கூடா. வெள்ளிக்கு வெள்ளி பாதை ஏறி அங்க வந்து இரிந்தா, என்ட புள்ள சாகுமட்டும் இரண்டாம் தாரமாத்தான் இரிப்பா. உங்கட புள்ள எண்டா நீங்க என்ன சொல்வீங்க?"

என் மகளென்றால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். "வரமாட்டான். இது என்ட வாக்கு" என்றேன்.

வீட்டில் அவருக்குச் சொன்னேன். அவர் பாயை விட்டுக் கோபத்தோடு எழும்பினார்.

"ஆரக் கேட்டுப் போன நீ? அப்ப அவன் ஒருக்காலும் வரமாட்டானா?"

"செத்த வீட்டுக்கு வரலாம். அதுக்கு ஆரும் மறிக்கமாட்டாங்க."

"அப்ப கெதியாச் செத்துப் பாப்பம்" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

மருமகன் முதலில் மாட்டேன் என்றான். நான் அவனோடு பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தே சம்மதிக்க வைத்தேன். மகளுடைய ஆண்டுத் திவசம் முடித்து, தை பிறந்து கல்யாணம். போகிற அன்று பாதையடி வரைக்கும் நான் கூடப் போனேன். அவர் வரவில்லை.

"மாமி, போயிட்டு வாறன். வெள்ளிக்கிழம வருவன்" என்றான்.

"வராத மனே. நான் வாக்குக் குடுத்திரிக்கன்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் தண்ணீரைப் பார்த்தேன். பாதை நகர்ந்த பிறகும் அவன் இந்தப் பக்கம் பார்த்தபடி நின்றான். நான் அழவில்லை. சந்தியில் சனம் நின்றது.

சொன்னபடி அவன் வரவில்லை. மழை பெய்து கிணறுகள் மெல்ல மெல்லத் தெளிந்தன. எங்கள் கிணற்றிலும் நல்ல தண்ணீர் வந்தது. குடிக்க நாங்கள் இரண்டு பேர்.

பிறகு, நின்று கிடந்த சண்டை திரும்பியது. படுவான்கரையில் செல் குண்டு விழுந்து, சனம் கையில் அகப்பட்டதோடு வாவி கடந்து எங்கள் பக்கம் வந்தது. கிழக்கில் சண்டை முடிகிறது என்று றேடியோவில் சொன்ன காலம் அது. பள்ளிக்கூட வளவில் கூடாரம் போட்டார்கள். நானும் அவரும் சமைத்துக் கொடுக்கப் போனோம். அவர் விறகு கொத்தினார். நான் சோறு போட்டேன்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, இடுப்பில் கைக்குழந்தையோடு ஒருத்தி சோற்றுக் கோப்பையை நீட்டினாள். பார்த்ததும் தெரிந்துகொண்டேன். மருமகனுக்கு நான் கேட்டுக் கட்டி வைத்த பெண்.

"மாமி, அவர் கூடாரத்துக்க இரிக்கார். உங்களக் கண்டிட்டுத்தான் வரல்ல. வாக்காம்."

"நல்லா இரிக்கீங்களா புள்ள?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"அம்மா உங்களிட்டக் கேட்டது எனக்குப் பிறகுதான் தெரியும். வெள்ளிக்கிழம எண்டா அவர் வாவியடிக்குப் போய் இந்தப் பக்கத்தப் பாத்துக்கொண்டு நிப்பார். வந்து உங்கட கையால திண்டிட்டுப் போயிரிந்தா, மறுகா எங்கட வீட்ட மனசோட வந்திரிப்பார். இப்ப அவர் அங்கயும் இல்ல மாமி, இங்கயும் இல்ல."

அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். விறகுக் குவியல் பக்கம் கோடரிச் சத்தம் நின்றிருந்தது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

அவளுடைய கோப்பையில் சோறு போட்டேன். அவனுக்கும் சேர்த்து இன்னொரு அகப்பை போட்டேன். பின்னால் வரிசை நீண்டிருந்தது. "நடங்க, நடங்க" என்று யாரோ சத்தம் போட்டார்கள். அவள் நடந்தாள்.