அம்மா பாடாத கோயில்

எங்கள் பழைய கத்தோலிக்கப் பங்குக் கோயில் சேலத்துக்கு வெளியே, ஏற்காட்டுக்குப் போகிற சாலையை ஒட்டி இருந்தது. வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் கட்டியது. கூர்வளைவு ஜன்னல்கள், எட்டாத உயரத்தில் கூரை, முகப்பில் ஒற்றைக் கோபுரம். சுவர் விரிசல் விட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியதும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று பங்குப் பேரவை முடிவெடுத்தது. பங்கில் கட்டடக்கலை படித்தவள் நான் ஒருத்திதான். வரைபடம் போடும் வேலை என்னிடம் வந்தது.

எங்கோ குளிர் நாட்டில் பிறந்த வடிவத்தை இந்த வெயிலில் ஏன் திரும்பக் கட்ட வேண்டும் என்பது என் கட்சி. மூன்று பக்கம் திறந்த கல் மண்டபம், தாழ்ந்த கூரை, பீடத்துக்குப் பின்னால் காற்று புகுந்து வரும் செங்கல் சுவர் என்று வரைந்தேன். கூட்டத்தில் அதைப் பார்த்த ஓய்வுபெற்ற வாத்தியார், "கோயில் மாதிரி தெரியலியேம்மா" என்றார்.

"இன்னும் எத்தனை காலத்துக்கு வெள்ளைக்காரன் கட்டினதுதான் கோயில்னு சொல்லிட்டு இருப்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பின்வரிசையிலிருந்து அம்மாதான் முதலில் கை தூக்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள்.

கட்டி முடித்ததும் வெளியூர்க் கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் வந்து படம் எடுத்துப் போனார்கள். பங்குக்காரர்கள் "நல்லா காத்தோட்டமா இருக்குது" என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணங்களை டவுனில் உள்ள பழைய பெரிய கோயிலில் வைத்துக்கொண்டார்கள். போட்டோவுக்காகப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணமாகி இந்தப் பங்குக்கு வந்ததிலிருந்து பாடகர் குழுவில் பாடிய அம்மா பாடுவதை நிறுத்தினாள். கேட்டதற்குத் தொண்டை சரியில்லை என்றாள். நம்பினேன்.

போன வருஷம் அப்பா இறந்தார். அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"சாமி, ஒண்ணு கேட்டா மனசு கஷ்டப்பட மாட்டியே? அப்பாவுக்குப் பூசையை டவுன் கோயில்ல வெச்சுக்கலாமா?"

"ஏம்மா?"

"நம்ம கோயில்ல பாட்டு பக்கவாட்டுல போயிருது. பழையதுல மேல போகும். அப்பாவுக்கு மேல போகணும்."

எங்கள் பங்கு ஃபாதரைப் பார்க்கப் போனேன். அவர் காரணமே கேட்கவில்லை. "சரிம்மா, அங்க நான் சொல்லிடறேன்" என்றார். எத்தனையோ பேர் இதே காரணத்தோடு அவரிடம் வந்து போயிருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

அன்று அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பாடினாள். குரல் அந்த வளைவுகளுக்குள் ஏறி, பெரிதாகிக் கீழே இறங்கியது. வாத்தியார் சேர்ந்து பாடினார், பிறகு எங்கள் பங்குக்காரர்கள் எல்லாரும். நான் அழுதது முழுக்க அப்பாவுக்காக இல்லை. கல்லறையில் ஒரு சித்தப்பா ஏன் டவுன் கோயில் என்று விசாரித்தபோது, "நம்ம கோயில்ல கூட்டம் கொள்ளாதுன்னுதாங்க" என்றாள் அம்மா. எவ்வளவு கூட்டம் வந்தாலும் கொள்ள வேண்டும் என்றுதான் நான் அதைத் திறந்த மண்டபமாக வைத்தேன். அது அவளுக்கும் தெரியும்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் புது வரைபடம் போட்டேன். கூரையை உயர்த்தி, இரண்டு பக்கத்தை அடைத்து, ஜன்னல்களில் வளைவு வைத்தேன். பேரவையில் விரித்து, நான் செய்தது தப்பு என்றேன். வாத்தியார் வெகுநேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சுருட்டினார்.

"எதுக்கும்மா? நல்லாத்தானே இருக்கு. நீ கஷ்டப்பட்டுக் கட்டினது."

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஒருவர்கூட என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது அம்மா சொன்னாள்: "ஒரு தரம் இடிக்கிறதைப் பார்த்தாச்சு சாமி. இன்னொரு தரம் அவங்களால பார்க்க முடியாது."

வரைபடம் ஃபாதர் அறையில் அலமாரி மேல் இருக்கிறது. அவர் அதை எடுப்பதில்லை. நானும் கேட்பதில்லை.