நீலம் முதலில்

வசந்தா போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது, நான் கம்பெனிக்கு எதிரே உள்ள டீக்கடையில் நின்றிருந்தேன். காலையில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். பக்கத்தில் ஒருவர் பீடி பற்றவைத்தார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கிற, வசந்தாவோடு வேலை பார்த்த உங்களுக்குக் காரணம் தெரியும்.

பட்டாசுக் கம்பெனிக்குள் தீப்பெட்டி கொண்டுபோக முடியாது. பீடிக்காரர்கள் அந்தக் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். தரப் பரிசோதனையில் இருந்த வசந்தா இயற்பியல் படித்தவர். அவர்களைச் சும்மா விடமாட்டார். பீடி நுனிப் புகை நீலம், வாய்ப்புகை வெள்ளை, ஏன் என்று மடக்குவார். நுனியில் துகள் மிகப் பொடிசு, அது நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். வாயின் ஈரத்தில் துகள் பெருத்துவிட்டால் எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும். வானம் நீலமாகவும் மேகம் வெள்ளையாகவும் இருப்பதும் இப்படித்தான் என்பார். ஒரு லாரி டிரைவர் மூக்குப்புகை எந்த வகை என்று பார்க்க மூன்று பீடியைக் காலி செய்தார். சிதறும்போது ஒளியின் நிறமே மாறுகிற இன்னொரு வகையும் உண்டு, அதைப் பார்க்கப் பீடி போதாது என்று சொல்லித்தான் அவரை லோடு ஏற்ற அனுப்ப முடிந்தது.

நான் கலவை போடும் கெமிஸ்ட். ஒரு சீசனில், ஒன்றன்பின் ஒன்றாக விடும் வாண வரிசையில் என் நீல வாணம் வெளுத்துத் தெரிகிறது என்று பெரிய ஆர்டர் ஒன்று திரும்பி வந்தது. ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால் வேறு ஆள் வருவார் என்று முதலாளி சொல்லிவிட்டார். வீட்டில் சொல்லத் தைரியமில்லை. கலவையை மாற்றக் கிளம்பிய என்னை வசந்தா வழிமறித்தார்.

"மருந்துல கை வைக்காதீக அண்ணாச்சி. முன்னால போற வெள்ளி வாணத்தோட புகைதான் கெடுக்குது."

அந்தப் புகையில் பெரிய துகள்கள். வெள்ளி வெளிச்சம் அதில் பட்டுச் சிதறி, பின்னால் வரும் நீலத்துக்கு முன்னே வெள்ளைத் திரை போட்டுவிடுகிறது என்றார். பொழுது சாய்ந்ததும் முதலாளியை மைதானத்துக்கு வரவழைத்தார். அதே லாட், அதே மருந்து. நீலத்தை முதலில் விட்டோம். மயில் கழுத்து நீலத்தில் விரிந்தது. மருந்தை மாற்றினாயா என்று முதலாளி கேட்டார். வரிசையை மட்டும்தான் மாற்றினோம் என்றார் வசந்தா. ஆர்டரும் வேலையும் தப்பின.

திரும்பும் வழியில், எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"புகையைப் பத்தி உறுதியாத் தெரியும். உங்க கலவையைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? எடை போடுறப்ப நீங்க மூச்ச அடக்கிக்கிருவீக, அதைப் பாத்திருக்கேன். அம்புட்டுதான்."

அப்படிச் செய்கிறேன் என்று அதுவரை எனக்கே தெரியாது. இன்று காலையும் தராசின் முன் நின்றேன். மூச்சை அடக்கிக்கொண்டேன், தெரிந்தே.