வெட்டாமல் விட்ட சட்டை

1. பதினாலு

கனடாவில், மொன்றியலில் பதினொரு வருடம் குண்டு துளைக்காத சட்டை தைத்தேன். காவல் வேலைக்காரர் போடுகிற சட்டை. நான் படித்தது எட்டாம் வகுப்பு. அந்த வேலைக்கு அது போதும்.

ஒரு திங்கட்கிழமை இரண்டு பொலிஸ்காரர் தொழிற்சாலைக்கு வந்தார்கள். கையில் ஒரு சட்டை. பக்கத்து ஊரான லொங்குய்யில் துப்பாக்கியோடு ஒரு டெபனருக்குள், அதாவது தெருமுனைப் பலசரக்குக் கடைக்குள், புகுந்து கொள்ளையடித்தவன் அதைப் போட்டிருந்தானாம். உள்ளே இருந்த பனலில் 14 என்று எழுதியிருந்தது.

பனல் என்பது பல அடுக்குத் துணியைச் சேர்த்துத் தைத்தது. குண்டைத் தடுப்பது அதுதான். தைத்தவர் தன் இலக்கத்தை அதில் எழுத வேண்டும். பதினாலு நான்.

பார்த்ததும் தெரிந்தது. அது ரிஜெக்ட், குறை கண்டு கழித்தது. இடது பக்கம் மேலே அடுக்குகள் சரிந்து போயிருந்தன. கழித்ததற்கு அடையாளமாகச் சிவப்புக் கோடு போட்டதும் நான்தான். யாரும் போடாதபடி ரிஜெக்டை உடனே இரண்டாக வெட்ட வேண்டும். அன்று கட்டர் மொட்டை, கூர் மழுங்கிப் போயிருந்தது. அந்தத் துணி எந்தக் கத்தியையும் தின்றுவிடும். சுப்பவைசர் நாதன் அண்ணை, "விடும் பிள்ளை, புது பிளேட் வரட்டும், பேந்து வெட்டுவம்" என்றார். பெட்டிக்குள் போட்டேன். பிறகு மறந்துவிட்டோம். யார் எடுத்து விற்றார்கள் என்று இன்றுவரை தெரியாது.

2. நாதன் அண்ணை

கோர்ட்டுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அண்ணை என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார்.

"வெட்டினனான் எண்டு சொல்லும். ஆரோ திருப்பிப் பொருத்தித் தைச்சிட்டாங்கள் எண்டு சொல்லும்."

"வெட்டின தடம் இல்லையே அண்ணை."

"அங்க ஆர் தையல் பாக்கப் போறான்?"

"நான் பாப்பன்."

"வேலை போனா ரெண்டு பேருக்கும்தான் போகும், பிள்ளை."

அது எனக்கும் தெரியும். வீட்டில் என் சம்பளம் மட்டும்தான்.

3. கோர்ட்

கொள்ளையடித்தவன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். எவ்வளவு தண்டனை என்பதுதான் மிச்சம். அரச வழக்கறிஞர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொன்னார்: "இஞ்ச இந்தச் சட்டை போட்டதுக்கெண்டு தனிக் குற்றம் இல்லை அக்கா. அமெரிக்காவில இருக்குதாம். ஆனா களவுக்குப் போகேக்க போட்டிருந்தா, தண்டனையைக் கூட்டலாமோ எண்டு நீதிபதி பாப்பார்."

அவனுடைய வழக்கறிஞர் எழும்பினார். தொழிற்சாலையே கழித்த குப்பை இது, கவசம் ஆகாது என்றார். பிறகு என்னைக் கேட்டார். கழித்ததை வெட்டினீர்களா?

"இல்லை. வெட்டியிருக்க வேணும். நான் வெட்டேல்லை."

நீதிபதி ஒரு பெண். குறை எங்கே என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். அங்கே குண்டு பட்டால்?

"நான் தைக்கிற ஆள், சுட்டுப் பாக்கிற ஆள் இல்லை. ஆனா நான் எண்டா இதைப் போடமாட்டன்."

அவனுக்கு முப்பது வயது இருக்கும். அதுவரை நிலத்தைப் பார்த்தபடி நின்றான். மொழிபெயர்ப்பாளர் பிரெஞ்சில் சொல்லி முடித்ததும், கையை எடுத்து இடது நெஞ்சில் வைத்தான்.

நீதிபதி மெதுவாகப் பேசினார். குறை இருந்தது இவருக்குத் தெரியாது. இதை மாட்டியபோது, இன்று துப்பாக்கிச் சூடு நடக்கலாம், நடந்தால் நான் தப்புவேன் என்று எண்ணியிருக்கிறார். கடைக்காரரிடம் அப்படி ஒரு சட்டை இல்லை. நான் எடைபோடுவது அந்த எண்ணத்தை என்றார்.

தண்டனை கூடியது.

நான் சட்டையில் கோணல் பார்ப்பேன், நூல் பார்ப்பேன். அதற்குள் ஒரு மனிதனின் மனமும் தெரியும் என்று நினைத்ததில்லை. சாட்சிக் கூண்டிலிருந்து இறங்க மறந்து நின்றேன். "மெர்சி, மதாம்" என்று இரண்டு தரம் நன்றி சொல்லி, போகலாம் என்றார்கள்.

4. பிறகு

வேலை போகவில்லை. இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நாதன் அண்ணை நெடுநாள் என்னோடு கதைக்கவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கட்டர் மொட்டை என்றால் லைனை நிறுத்துங்கள். சுப்பவைசர் ஏசட்டும். குறையுள்ள சட்டை ஆளைக் காக்காது, துணிச்சலை மட்டும் கொடுக்கும். அன்று நான் வெட்டியிருந்தால், போட ஒன்றும் இல்லாமல் அவன் வீட்டிலேயே இருந்திருக்கவும் கூடும்.