தணிக்கைக்கு வந்த யேசுரட்ணம்

மரியபுஷ்பத்தின் புருஷன் யேசுரட்ணத்துக்குச் சாவைவிட ஆர்.ஐ. மேல்தான் பயம் அதிகம். மாதத்தில் ஒரு நாள் அந்த வருவாய் ஆய்வாளர் அகதி முகாமுக்கு வந்து, பதிவேட்டைப் பிரித்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு முகத்தைப் பார்ப்பார். அதற்குத் தணிக்கை என்று பெயர். அன்று முகத்தைக் காட்டாதவன் பெயரை அடித்துவிடுவார்.

மன்னாரில் சண்டை மூண்டபோது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு படகேறி வந்த பையன் அவர். சண்டை ஓயும்வரை இருங்கள் என்று நாமக்கல் பக்கம் ஒரு முகாமில் இறக்கிவிட்டார்கள். தற்காலிகமாகத்தான். அந்தத் தற்காலிகத்தில் அவருக்கு மீசை முளைத்தது, பெயிண்ட் வேலை கைவந்தது, கல்யாணம் ஆனது, தலையும் நரைத்தது. சண்டை ஓய்ந்த பிறகு திரும்பிப் போக அங்கே வீடும் இல்லை, ஆளும் இல்லை. இங்கே குடியுரிமையும் இல்லை.

மரியபுஷ்பம் சேலத்துப் பெண். அவளுடைய பங்குக் கோயிலுக்கு அவர் பெயிண்ட் அடிக்க வந்த இடத்தில்தான் பழக்கம். "ஊரே இல்லாதவனுக்கா பொண்ணைக் குடுப்பாங்க?" என்று அவள் அண்ணன் சகாயராஜ் குதித்தான். அவள் கேட்கவில்லை. மகள் வினோலியா பிறந்து, அந்தப் பச்சை மண்ணும் அகதி என்றே பதிவானபோதுதான் அண்ணன் பேச்சு உறைத்தது. அப்போதும் அழுதாளே தவிர விட்டுப் போகவில்லை.

ஒரு முறை யேசுரட்ணம் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கப் போனார். வண்டி அவசரமாக வடக்கே கிளம்ப வேண்டும், முடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்று பட்டறைக்காரர் பிடித்துக்கொண்டார். தணிக்கை தவறியது. வேலையில் இருந்தார் என்று பட்டறைக்காரர் கொடுத்த சீட்டு எடுபடவில்லை. பெயரைத் திரும்ப ஏற்ற நாயாக அலைந்த காலத்தில், ரோட்டில் போலீஸைக் கண்டாலே சந்துக்குள் ஒதுங்கிவிடுவார். முகாமில் கொடுக்கும் அரிசி நின்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். நீ யார் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லையே என்பதுதான் அவரை அரித்தது. பிறகு எந்தத் தணிக்கையையும் அவர் விட்டதில்லை. காய்ச்சலோடு நின்றார். தாயைப் புதைத்த மறுநாளும் நின்றார்.

போன சித்திரையில் நுரையீரல் கெட்டு, சேலம் பெரியாஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜனோடு கிடந்தார். நாளைக்குத் தணிக்கை என்று முகாமிலிருந்து போன் வந்தது. அவ்வளவுதான், குழாயைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிக் குடுத்துட்டு நான் போயிட்டு வாரேன். அது போதுங்கப்பா," என்றாள் வினோலியா.

"சீட்டு ஒண்டும் செல்லாது பிள்ளை. முகத்தைக் காட்டவேணும்." பயம் வந்தால்தான் அவர் வாயில் மன்னார்ப் பேச்சு வரும். "புஷ்பம், என்னைக் கொண்டு போ. செத்தாலும் பேரோட சாகிறன்."

"ஏனுங்க, மூச்சே உட முடியல உங்களுக்கு. எப்படிங்க போறது?"

அவர் அவளையே பார்த்தார். மகள் சொன்னதுதான் சரி என்று மரியபுஷ்பத்துக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நர்ஸ் திட்டத் திட்ட, சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போவதாகக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை மகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு வாடகை வேனில் அவரைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பினாள். ராசிபுரம் தாண்டும்வரை பேசிக்கொண்டுதான் வந்தார். "ஆர்.ஐ. வந்திருப்பாரோ?" என்பது ஒன்றுதான் பேச்சு. நாமக்கல் வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. வண்டியைத் திருப்பச் சொல்ல அவள் வாயெடுத்தாள். அவர் அவள் கையை இறுக்கினார். அவள் சொல்லவில்லை.

முகாமில் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. அவரை மகளிடம் விட்டுவிட்டு, மரியபுஷ்பம் ஆட்களை விலக்கிக்கொண்டு மேசைக்கு ஓடினாள்.

"சார், எங்க ஊட்டுக்காரரை மொதல்ல பாத்து உட்டுருங்க சார். ஆஸ்பத்திரியில இருந்து கூட்டியாந்திருக்கேன்."

ஆர்.ஐ. புதிதாக மாற்றலாகி வந்தவர், சின்ன வயசு. பேனாவைக் கீழே வைத்தார். "பெட்ல இருந்தவரை எதுக்கும்மா தூக்கிட்டு வந்தீங்க? ஆஸ்பத்திரிச் சீட்டு ஒண்ணு குடுத்திருந்தாப் போதுமே. பேரை நான் அடிக்க மாட்டேனே."

அவள் பதில் சொல்வதற்குள் வேன் பக்கமிருந்து வினோலியா அலறுவது கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மரியபுஷ்பத்துக்கு அழுகை வரவில்லை. தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. ஒரு சீட்டு வாங்கத் துப்பில்லாமல் மனுஷனை வழியெல்லாம் கொன்று எடுத்து வந்திருக்கிறேனே என்று நெஞ்சு கொதித்தது.

ஆர்.ஐ. பதிவேட்டோடு எழுந்து வந்தார். வரிசையும் கலைந்து அவர் பின்னாலேயே வந்தது. வேனுக்குள் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். தயங்கித் தயங்கிக் கேட்டார். "இறந்துட்டார்னு எழுதிப் பேரை எடுத்துரட்டுங்களாம்மா?"

மரியபுஷ்பம் பதிவேட்டின் மேல் கையை வைத்தாள்.

"இன்னைக்கு வந்தாருங்க சார். வந்தாருன்னு போடுங்க. நாளைக்கு எடுத்துக்குங்க."