நெற்றிக் காசு

கும்மிடிப்பூண்டிப் பக்கம் மெட்டல் டிடெக்டரை வைத்துப் பழங்காசு தேடுகிறவனைப் பார்த்து ஊர் சிரிப்பதில் நியாயம் உண்டு. இங்கே மண்ணில் பாதி இரும்பு. உருக்காலைக் கசடு, வெல்டிங் கம்பியின் மிச்சம், தேய்ந்த போல்ட், லாரிகள் உதிர்த்துவிட்டுப் போன துரு. மிஷினின் அடித்தட்டைத் தரையோரம் வீசி நடந்தால் அது ஓயாமல் உறுமும். உறுமினால் இரும்பு. கீச்சென்று கூவினால் செம்போ வெள்ளியோ, அதிர்ஷ்டமிருந்தால் காசு. அந்த ஒரு கூவலுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் வற்றிய ஏரிகளுக்குள் இறங்கிவிடுவேன். ஐம்பதை நெருங்கும் வயதிலும் எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. உட்கார்ந்தால் மனம் அரிக்கும். நடந்தால், யார் யாரோ தவறவிட்டதெல்லாம் மண்ணுக்கடியிலிருந்து கூப்பிடுவதுபோல் இருக்கும். கிடைத்தது என்னவோ பாட்டில் மூடிகளும் ஒன்றிரண்டு ஓட்டைக் காலணாக்களும்தான். "இன்னா நைனா, கஜானா ஆப்டுச்சா?" என்று ஆடு மேய்ப்பவர்கள் கேட்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

எங்கள் கம்பெனி கேண்டீனில் பாத்திரம் துலக்கும் பெண் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மத்தியானம், சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே என் மேசைக்கு வந்தாள்.

"சார், உங்க மிஷினு பத்து ரூபா காசைக் காட்டிக்குடுக்குமா?"

ரொம்ப ஆழத்தில் இல்லையென்றால் காட்டும் என்றேன். எங்கே தொலைத்தாய் என்று கேட்டேன். தொலைக்கவில்லையாம். செத்துப்போன புருஷன் நெற்றியில் சந்தனம் குழைத்து அவளே ஒட்டி அனுப்பிய காசாம்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சில வருடங்களுக்கு முன்னால், அடைமழைக் காலத்தில், மஞ்சள் காமாலையில் போனவன். அவர்கள் ஊரில் புதைப்பதுதான் வழக்கம். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். பாடை திரும்பும் மூலைவரைதான் அவள் பார்த்தாள். எந்த இடத்தில் குழி, எந்தப் பக்கம் தலை, எதுவும் தெரியாது. மேலே கல் நடவில்லை, பெயர் எழுதவில்லை. அவனோடு மண்ணுக்குள் போனவற்றில் அவள் கையால் கொடுத்தது அந்தக் காசு ஒன்றுதான். மற்றவர்கள் ஒற்றை ரூபாய் வைப்பார்கள். அன்று வீட்டில் துழாவியபோது அகப்பட்டது பத்து ரூபாய்க் காசு. கடைக்காரர்களெல்லாம் வேண்டாம் என்று திருப்பித் தள்ளியது.

"எவனும் வாங்காத காச வெச்சி அனுப்பிட்டேன் சார்," என்றாள்.

இப்போது, ஏரியில் சவுடு மண் எடுக்க வந்த பொக்லைன் கரையைத் தாண்டி இடுகாட்டையும் சுரண்ட ஆரம்பித்திருந்தது. ஊர்க்காரர்கள் மறித்து நிறுத்தியிருந்தார்கள். திங்கட்கிழமை மறுபடி வரும் என்று பேச்சு. அதற்குள் அவன் எலும்பைப் பொறுக்கிப் பழவேற்காட்டுத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஞாயிறு காலையில் போனோம். துணைக்கு அவளுடைய கொழுந்தன் வந்தான். குழி வெட்டியவர்களில் அவனும் ஒருவன். ஆனால் அவன் அடையாளம் வைத்திருந்த வேலிகாத்தான் மரமே இல்லை. மண்ணின் தோலை உரித்துப் போட்டிருந்தார்கள். "இங்கதான் எங்கியோ அண்ணி," என்று கையை அகலமாக வீசிக் காட்டினான். அந்த வீச்சுக்குள் ஊரின் பாதிச் சாவு அடங்கும். அன்று மழையில் முழங்கால் ஆழம் வெட்டுவதற்குள் தண்ணீர் ஊறிவிட்டது, அதற்குமேல் போகவில்லை என்றான். எங்களுக்கு இருந்த நம்பிக்கை அது ஒன்றுதான்.

மிஷினைப் போட்டேன். அது அப்படிக் கூவி நான் கேட்டதே இல்லை. அடிக்கு அடி காசு. சிங்கத்தலை போட்ட பழைய நாலணா. தாமரை போட்ட பித்தளை இருபது காசு. கிரீடம் வைத்த ராஜா தலை, பச்சை பூத்து. எத்தனை ஏரிகளில், எத்தனை வெயிலில் நான் தேடி அலைந்தவை. ஒவ்வொன்றும் ஒரு நெற்றியிலிருந்து நழுவியது. யாரோ விரலால் அழுத்தி ஒட்டியது, அழுதுகொண்டே ஒட்டியது. உள்ளங்கையில் வைத்திருக்க முடியவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்து மண்ணைத் தள்ளினேன். ஒவ்வொரு முறையும் அவள் குனிந்து பார்ப்பாள். "இல்ல சார்." வெயில் ஏறியது. "இல்ல சார்."

பத்து ரூபாய்க் காசு தரையில் கிடைக்கவில்லை. லாரிக்காகக் குவித்து, முக்கால்வாசியை அள்ளிக்கொண்டு போன மண்மேட்டின் அடியில் கிடைத்தது. நடுவில் வெள்ளை, சுற்றிலும் மஞ்சள். துடைத்துக் காட்டினேன். நம்மூரில் வேறு யாரும் பத்து ரூபாய் வைத்ததில்லை என்றான் கொழுந்தன், கொஞ்சம் சந்தோஷமாகவே. பிறகுதான் மூவருக்கும் உறைத்தது. காசு குவியலில் இருக்கிறதென்றால் குழி இல்லை. மிச்ச மண்ணைக் கையால் சலித்தோம். வேட்டிக் கரையில் ஒரு துண்டு, வேர், நத்தை ஓடு. வேறு ஒன்றும் இல்லை.

காசையே தண்ணீரில் விட்டுவிடலாம், அதில் அண்ணன் இருப்பதாக நினைத்துக்கொள்வோம் என்று கொழுந்தன் சொல்லிப் பார்த்தான்.

"காசு அவரு இல்லியே," என்றாள். குரல் உயரவில்லை. முந்தானையில் காசை முடிந்துகொண்டு, லாரி எங்கே போனது என்று கேட்டாள்.

திங்கட்கிழமை பொக்லைன் வந்தது. மீதியையும் வாரியது. லாரி டிரைவர் ஒருவனைப் பிடித்துக் கொழுந்தன் விசாரித்ததில், முதலில் அள்ளிய மண் வேப்பம்பட்டில் பள்ளமான மனை ஒன்றை மேடாக்கப் போனதாகத் தெரிந்தது. அடுத்த ஞாயிறு அவளும் நானும் மட்டும் அங்கே போனோம். மண்ணைக் கொட்டி, நிரவி, தண்ணீர் விட்டு இறுக்கி, தூண்களுக்குக் கம்பி எழுப்பியிருந்தார்கள். மிஷினைப் போட்டதும் ஒரே உறுமல். எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பி. கம்பி இல்லாவிட்டாலும்தான் என்ன. மிஷினுக்குக் காசு தெரியும், எலும்பு தெரியாது. அதை அதுவரை நாங்கள் இருவருமே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டுக்காரம்மா வந்தார். ரயிலேறிப் பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமைதான் வந்து பார்க்க முடிகிறது என்றார். என்ன தேடுகிறோம் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. வீடு எழும்புகிற பூரிப்பு முகத்தில் இருந்தது. சொல்லிவிடுவது என்றுதான் நான் வாயைத் திறந்தேன். இவள் முந்திக்கொண்டாள்.

"ஏரி மண்ணுல பழைய காசு ஆப்டும்னு சாரு தேடிக்கினுகிறாரு. லீவு நாளானா அவருக்கு இதே வேலதாங்க்கா."

வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டார். கிடைத்தால் பாதி தனக்கு என்றார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். இவள் அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தபோது, சும்மா பேச்சுக்குப் போல, "ஏரி மண்ணுன்றாங்களே, நல்ல மண்ணுதானம்மா?" என்று கேட்டார்.

பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தாள். "நல்ல மண்ணுதாங்க்கா."

அப்புறம், ஒரு மூலையைக் காட்டி, அங்கே என்ன அறை வருகிறது என்று விசாரித்தாள். பிள்ளைகள் படுக்க என்றார் வீட்டுக்காரம்மா. இவள் தலையாட்டினாள். போகலாம் என்பாள் என்று மிஷினை அணைத்தேன். அவளோ செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கொட்டி நிரவிய மண்ணின்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, ஓரம்கூட விடாமல், அடி அடியாக நடக்க ஆரம்பித்தாள்.

"செருப்பைப் போட்டுக்கோம்மா, ஆணி கீணி குத்திடப் போவுது," என்றார் வீட்டுக்காரம்மா.

அவள் நடந்துகொண்டிருந்தாள்.